பழைய லோடு வண்டி வாங்குகிறவர் மழைக்கு முன் பார்க்க வேண்டியது என்ன?

ஐப்பசி மாதம். வானம் கறுத்து நிற்கிறது.

ஆலங்குடிப் பக்கத்தில் ஒரு கிராமம். ஒரு வீட்டு வாசலில் "குட்டி யானை" ஒன்று நிற்கிறது. தும்பிக்கை உள்ள யானை அல்ல. நாலு சக்கரமும், பின்னால் ஒரு திறந்த பெட்டியும் உள்ள சின்ன லோடு வண்டி. பழைய வண்டிதான். ஆனால் புதுப் பெயிண்டு அடித்து, நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, மாப்பிள்ளை போல நிறுத்தி இருக்கிறார், தரகர்.

வாங்க வந்தவர் ஒரு சிறு வியாபாரி. கோடையில் பலாப்பழம். மற்ற நாளில் தேங்காய், வாழைத்தார். இத்தனை நாளும் வாடகை வண்டியில் சரக்கு ஏற்றியவர். சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் வாடகைப் பணம் மிச்சம் என்று கணக்குப் போட்டு வந்திருக்கிறார்.

"அண்ணே, எஞ்சின் சத்தத்தைக் கேளுங்க. தேனீ மாதிரி இரையுது!" என்கிறார், தரகர்.

வியாபாரி காது கொடுத்துக் கேட்கிறார். முகம் மலருகிறது. மடியில் இருக்கும் பணத்தைத் தொட்டுப் பார்த்துக் கொள்கிறார்.

திண்ணையில் நின்ற அவருடைய மனைவி அப்போது ஒரு கேள்வி கேட்கிறாள்:

"ஏங்க, சத்தம் இருக்கட்டும். மழையிலே பிரேக் பிடிக்குமான்னு கேட்டீங்களா?"

அவள் கேட்கலாம். மடியில் இருக்கும் பணம், அவள் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து வந்த பணம். வண்டியை ஓட்டப் போகிறவன், அவள் மகன்.

இந்தக் காட்சி புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்த ஊரிலும் நடக்கக் கூடியது. அவள் கேட்ட அந்தக் கேள்விதான் அபூர்வம்.

ஓடுவது எஞ்சின், நிற்பது பிரேக்

பழைய வண்டி வாங்குகிறவர்கள் பத்துப் பேரைக் கேட்டால், ஒன்பது பேர் எஞ்சினைப் பற்றித்தான் பேசுவார்கள். புகை வருகிறதா? ஆயில் தின்கிறதா? லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர் கொடுக்கும்?

பார்க்க வேண்டியவைதான். ஆனால், எஞ்சின் கெட்டால் என்ன ஆகும்? வண்டி ரோட்டோரம் நின்று விடும். ஒரு நாள் வியாபாரம் போகும். கை நிறையச் செலவு வரும். அவ்வளவுதான்.

மழையில் டயர் வழுக்கினால், பிரேக் பிடிக்காமல் போனால், அப்போது போவது பணம் அல்ல.

மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. எதிரே மாடு ஒன்று குறுக்கே வந்து, ஓட்டுகிறவர் அதைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே ஒரு வினாடி போய் விடும். அதற்குப் பிறகுதான் வண்டி நிற்கத் தொடங்குகிறது. காய்ந்த ரோட்டில் நிற்கும் தூரத்துக்குள் ஈர ரோட்டில் வண்டி நிற்காது. டயரும் தேய்ந்திருந்தால், கேட்கவே வேண்டாம்.

அங்கே உறைபனி, இங்கே மழை

அமெரிக்கா, கனடா போன்ற குளிர் நாடுகளிலும் பழைய லோடு வண்டி வாங்குகிறவர்களுக்கு இதே கவலை உண்டு. அங்கே மார்கழி, தை மாதங்களில் ரோட்டின் மேல் பனி உறைந்து கண்ணாடி போலக் கிடக்கும். அதைக் கரைப்பதற்கு ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் வண்டியின் அடிவயிற்றில் தெறித்து இரும்பைத் தின்று விடும். ஆகவே, விஷயம் தெரிந்தவர்கள் வண்டியின் மேல் மினுமினுப்பைப் பார்ப்பது இல்லை. முதலில் கீழே குனிந்து பார்ப்பார்கள்.

புதுக்கோட்டையில் உறைபனி இல்லை. ஆனால் வட கிழக்குப் பருவ மழை உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதம். ஆயிரக்கணக்கான கண்மாய்கள் உள்ள மாவட்டம் இது. நல்ல மழை பெய்த ஆண்டில் கண்மாய் நிரம்பிக் கலிங்கு பாயும். அந்தத் தண்ணீர் பல இடங்களில் ரோட்டைக் கடந்துதான் போகும். ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கத்துச் செம்மண் பாதைகளில் ஒரு மழை பெய்தால் போதும், சேறு வெண்ணெய் போல வழுக்கும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி "கஜா" புயல் அடித்தபோது, இந்தப் பகுதியில் தென்னையும் பலாவும் அடியோடு சாய்ந்து ரோட்டை அடைத்துக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மழை என்றவுடன் கொட்டும் மழையைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் அதிகம் வழுக்குவது, மழை தொடங்கிய முதல் அரை மணி நேரம்தான். பல நாள் வெயிலில் ரோட்டில் படிந்த ஆயிலும், ரப்பர்த் தூளும், புழுதியும் அப்போதுதான் குழம்பி ரோட்டில் மெழுகு பூசினாற்போல் நிற்கும். நன்றாகப் பெய்து கழுவி விட்டால் சற்றுத் தேவலை.

மார்கழியில் மழை ஓயும், பனி மூடும். கீரமங்கலத்துப் பூவும், ஜெகதாப்பட்டினத்து மீனும் பயணப்படுவது அந்த இருட்டு நேரத்தில்தான்.

ஒரு தீக்குச்சி போதும்

முதலில் டயர்.

டயரில் உள்ள கோடுகள் அழகுக்கு இல்லை. ரோட்டில் உள்ள தண்ணீரை வாங்கி வெளியே தள்ளுவதற்கு. "பட்டன்" தேய்ந்து கோடு மறைந்து விட்டால், தண்ணீர் போக வழி இல்லை. வண்டி வேகமாகப் போகும்போது, டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்து கொள்ளும். டயர் தண்ணீர் மேல் மிதக்கும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங் கையில் பஞ்சு போல லேசாகி விடும். திருப்பினால் திரும்பாது. பிரேக் போட்டால் நிற்காது.

சட்டப்படி இந்தக் கோடுகளின் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது. இதை அளக்கக் கருவி தேவை இல்லை. டயரின் கோட்டுக்குள் ஆங்காங்கே சிறு மேடு ஒன்று இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்து விட்டால், டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். அது கண்ணுக்குப் புலப்படவில்லையா? ஒரு தீக்குச்சியை எடுத்துக் கோட்டுக்குள் படுக்க வைத்துப் பார்க்கலாம். மரக் குச்சியின் கனம் ஏறக்குறைய 2 மில்லி மீட்டர். குச்சி உள்ளே முழுகினால் சரி. மேலே துருத்திக் கொண்டு நின்றால், அந்த டயரோடு ஐப்பசி, கார்த்திகையைத் தாண்ட நினைக்கக் கூடாது.

டயரின் பக்கவாட்டில் நாலு எண்கள் பொறித்திருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். ஐந்தாறு ஆண்டுகள் ஆனாலே ரப்பர் இறுகத் தொடங்கும். இறுகிய ரப்பர் ஈர ரோட்டைப் பற்றாது. பட்டன் நிறைய இருக்கிறதே என்று அந்த டயரை நம்ப முடியாது. வெயிலில் நெடுநாள் நின்ற வண்டியின் டயரில், பக்கவாட்டில் நகக் கீறல் போல வெடிப்புகளைக் காணலாம்.

சில இடங்களில் வேறு ஒரு தந்திரமும் உண்டு. தேய்ந்து மொட்டையான டயரில், சூட்டுக் கத்தியால் கோடு கீறி விடுவார்கள். பார்த்தால் புது டயர் போல் இருக்கும். உள்ளே நூல் தெரியும் அளவுக்கு ரப்பர் மெலிந்திருக்கும். பாரம் ஏற்றினால் வெடிக்கும்.

டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், குற்றம் டயரில் இல்லை. முன் அச்சோ, சக்கரத்தின் கோணமோ சரி இல்லை. அந்த வண்டி அடி பட்ட வண்டியாகவும் இருக்கலாம். நாலு டயரோடு, மாற்றுச் சக்கரத்தையும் இறக்கிப் பார்ப்பது நல்லது.

காலி வண்டிதான் சுற்றும்

பாரம் ஏற்றிய வண்டிதான் ஆபத்து, காலி வண்டிக்கு என்ன என்று பலர் நினைக்கிறார்கள். மழையில் கதை வேறு.

இந்தச் சிறு லோடு வண்டிகளில் எஞ்சினும், ஓட்டுநரும் முன்னால். பின்னால் வெறும் பெட்டி. வண்டியைத் தள்ளுவது பின் சக்கரங்கள். சரக்கை இறக்கி விட்டுக் காலியாகத் திரும்பும்போது, பின் சக்கரத்தின் மேல் கனமே இல்லை. திடீரென்று பிரேக் போட்டால், முன் பக்கம் அமுங்கும். பின் பக்கம் தூக்கும். பின் சக்கரம் சுற்றாமல் பூட்டிக் கொள்ளும். வண்டியின் வால் பகுதி அப்படியே பக்கவாட்டில் சுற்றி வந்து விடும்.

குளிர் நாடுகளில் இதற்காகவே பின் அச்சுக்கு மேலே மணல் மூட்டைகளைக் கட்டி வைத்து ஓட்டுவது வழக்கம். இங்கே அப்படிச் செய்கிறவர்கள் இல்லை. சந்தையில் சரக்கு விற்ற மகிழ்ச்சியில், காலி வண்டியைப் பறக்க விடுகிறவர்கள் உண்டு.

பின் டயர் தேய்ந்திருந்தால் இந்த ஆபத்து இரட்டிப்பு. ஆகவே, "முன்னால் நல்ல டயர், பின்னால் எது இருந்தால் என்ன?" என்பது தவறு.

இன்னொரு சங்கதி. சில வண்டிகளில் பின் அச்சுக்கு அருகே ஒரு சிறு கம்பி இருக்கும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால், அந்தக் கம்பி நகர்ந்து பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் கொடுக்கும். வண்டி காலியாக இருந்தால் அழுத்தத்தைக் குறைக்கும். பின் சக்கரம் பூட்டிக் கொள்ளாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. அதிகப் பாரம் ஏற்றுகிற ஆசையில், முன்பு வைத்திருந்தவர் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சொருகி இருந்தால், எத்தனை பாரம் ஏற்றினாலும் வண்டி தாழாது. கம்பிக்குப் பாரம் ஏறியதே தெரியாது. பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். சில வண்டிகளில் அந்தக் கம்பியையே கழற்றிக் கட்டிப் போட்டிருப்பார்கள்.

பின் சக்கரத்துப் பட்டைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். மற்றவை துருவேறி, ஒன்று மட்டும் புதிதாக இருந்தால், அந்த வண்டி என்ன வேலை செய்தது என்பது புரிந்து விடும்.

பிரேக்குக்கு ஒரு நிமிடம்

பிரேக்கைச் சோதிக்க வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன், நின்ற இடத்திலேயே ஒரு சோதனை செய்யலாம். எஞ்சின் ஓடிக் கொண்டிருக்கும்போது, பிரேக் மிதியைக் காலால் நன்றாக அழுத்தி, ஒரு நிமிடம் அப்படியே பிடித்துக் கொள்ள வேண்டும். மிதி கல் போல நிற்க வேண்டும். மெதுவாகக் கீழே இறங்கிக் கொண்டே போனால், எங்கேயோ கசிகிறது. மிதித்தால் பஞ்சு மூட்டையை மிதித்தது போல இருந்தால், குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது.

பிரேக் ஆயிலின் நிறத்தையும் பார்க்கலாம். நல்ல ஆயில், இளம் மஞ்சளாகத் தெளிவாக இருக்கும். கறுத்த டீ போல இருந்தால் அதை மாற்றிப் பல ஆண்டுகள் ஆகி விட்டன. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் கொள்ளும் குணம் உள்ளது. ஈரம் ஏறிய ஆயில், பிரேக் சூடேறும்போது கொதித்து ஆவி விடும். அப்போது மிதி தரை வரை போகும். பிரேக் பிடிக்காது.

கைப் பிரேக்கைச் சோதிக்கக் கண்மாய்க் கரை ஏற்றம் போல் வேறு இடம் இல்லை. பாதி ஏற்றத்தில் நிறுத்தி, கைப் பிரேக்கை இழுத்து விட்டு, கால் பிரேக்கை மெதுவாக விட வேண்டும். வண்டி பின்னால் உருண்டால் விலையைப் பேச வேண்டாம். பிரேக்கைச் சரி செய்த பிறகு பேசலாம்.

பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில், 30 கிலோ மீட்டர் வேகத்தில் ஒரே சீராகப் பிரேக் போட்டுப் பார்க்க வேண்டும். வண்டி இடது பக்கமோ, வலது பக்கமோ இழுக்கக் கூடாது. காய்ந்த ரோட்டில் சிறிது இழுக்கிற வண்டி, ஈர ரோட்டில் திரும்பியே விடும்.

மழை பெய்கிறதே, இன்னொரு நாள் ஓட்டிப் பார்க்கலாம் என்று தரகர் சொல்லுவார். வேண்டாம். மழையில் ஓட்டிப் பார்ப்பதுதான் சரியான நாள். கண்ணாடித் துடைப்பான் வேலை செய்கிறதா, கூரை ஒழுகுகிறதா, கதவு ரப்பர் வழியாகத் தண்ணீர் வருகிறதா, உள்ளே கண்ணாடியில் ஆவி படிந்தால் போகிறதா என்பதெல்லாம் ஒரே பயணத்தில் தெரிந்து போகும். துடைப்பானின் ரப்பர், புதுக்கோட்டை வெயிலில் ஒரே கோடையில் காய்ந்து விறைத்து விடும். அது துடைப்பது இல்லை. கண்ணாடியில் கோலம் போடும். மாற்றுவதற்கு ஆகும் செலவு சொற்பம். அதைக்கூட மாற்றாமல் வைத்திருந்தவர், மற்றவற்றை எப்படிப் பராமரித்திருப்பார் என்று ஊகித்துக் கொள்ளலாம்.

மீன் வண்டியா?

குளிர் நாட்டு உப்பைப் பற்றி முன்பே பார்த்தோம். புதுக்கோட்டைக்கும் கடல் உண்டு. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் துறைகளில் இருந்து ஐஸ் போட்ட மீன் பெட்டிகள் நாள் தோறும் வெளியூர் போகின்றன. ஐஸ் உருகும். மீன் தண்ணீர், உப்போடு சேர்ந்து, பெட்டியின் இடுக்கு வழியாகச் சேசிசில் சொட்டும். நாள் தவறாமல் சொட்டும்.

அப்படி ஓடிய வண்டி வெளியே பளபளப்பாக இருக்கும். அடியில் இரும்பு அப்பளம் போல உதிரும். துருப் பிடித்த சேசிசை விட மோசமானது, துருப் பிடித்த பிரேக் குழாய். ஓட்டுநர் மிதிக்கும் மிதியில் இருந்து பின் சக்கரம் வரை, சேசிசை ஒட்டிச் சிறு இரும்புக் குழாய் ஒன்று போகிறது. சாதாரணமாக மிதிக்கும்போது அது தாங்கும். அவசரத்தில் முழுப் பலத்தோடு மிதிக்கும்போதுதான் வெடிக்கும். வேண்டிய நேரத்தில் கை விடும் நண்பன் என்றால் அதுதான்.

ஆகவே, ஒரு பழைய சாக்கை விரித்துப் போட்டு, டார்ச் விளக்கோடு வண்டியின் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். வேட்டி அழுக்கானால் துவைத்துக் கொள்ளலாம். சிறு சுத்தியலால் சேசிசை ஆங்காங்கே தட்டினால், நல்ல இரும்பு "டங்" என்று மணி போல ஒலிக்கும். துரு தின்ற இடம் "தொப்" என்று சொல்லும். அடிப் பகுதி முழுவதும் புதிதாகக் கறுப்புப் பெயிண்டு அடித்திருந்தால், மகிழ்ச்சி அடைய வேண்டாம். எதை மறைக்க அடித்தார்கள் என்று யோசிக்க வேண்டும். வண்டிக்குள் சாம்பிராணி வாசனை தூக்கலாக இருந்தாலும் அதே யோசனைதான்!

தண்ணீரில் முழுகிய வண்டி

2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் வெள்ளம். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் "மிச்சாங்" புயலால் சென்னையில் மீண்டும் வெள்ளம். அதே மாதம் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பேய் மழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டி மீட்டர் கொட்டியது. அந்த வெள்ளங்களில் எத்தனையோ வண்டிகள் முழுகின. முழுகிய வண்டிகளை இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏலத்தில் விற்பது உண்டு. அவற்றில் சில துடைத்துத் துலக்கப்பட்டு, வேறு மாவட்டச் சந்தைக்கு வருவதும் உண்டு.

முழுகிய வண்டியில் எஞ்சினைக் கழற்றிச் சரி செய்து விடலாம். மின்சார ஒயர்களுக்குள் புகுந்த ஈரம் போகாது. ஆறு மாதம் கழித்து, மழை இருட்டில் திடீரென்று முன் விளக்கு அணையும்.

கண்டு பிடிக்க வழி இருக்கிறது. சீட்டு பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க வேண்டும். யாரும் அதைக் கடைசி வரை கழுவுவது இல்லை. அங்கே சேற்றுக் கறை கோடு போட்டிருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகள் துருவேறி இருக்கும். முன் விளக்குக் கண்ணாடிக்குள் தண்ணீர் நின்ற வரை ஒரு வளையம் தெரியும். கால் விரிப்பைத் தூக்கினால் பழைய ஈர வாடை வரும்.

வண்டி முழுகாமல் இருந்தாலும், வாங்கிய பிறகு முழுக விடக் கூடாது. தரைப்பாலத்தில் ஓடும் தண்ணீர் ஓர் அடி ஆழம் இருந்தாலே, சிறு வண்டியை இழுத்து விடும். இரண்டு அடி இருந்தால், பெரும்பாலான வண்டிகள் தாங்காது. ஆழம் குறைந்த தண்ணீரைக் கடந்து வந்தாலும், பின் பிரேக்கின் டிரம்முக்குள் தண்ணீர் நிற்கும். கரை ஏறியவுடன் மெதுவாக ஓட்டிக் கொண்டே, பிரேக்கை லேசாக நாலைந்து முறை மிதித்துச் சூடேற்றிக் காய வைக்க வேண்டும். இந்தப் பழக்கம் பழைய பஸ் டிரைவர்களுக்குத் தெரியும்.

எந்த வண்டி?

"டாடா ஏஸ்" என்னும் குட்டி யானை 2005-ஆம் ஆண்டு வந்தது. முதலில் வந்த வண்டியில் இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். முக்கால் டன் பாரம். சந்து பொந்தெல்லாம் நுழையும். ஊருக்குள் காய்கறி, பால், தண்ணீர் கேன் சுமக்க அது போதும். 2011-ஆம் ஆண்டு அசோக் லேலண்டின் "தோஸ்த்" வந்தது. ஒன்றே கால் டன். மகிந்திரா "பொலிரோ பிக்அப்" அதைப் போலவும், அதற்கு மேலும் சுமக்கும். சக்கரம் பெரியது, தரையில் இருந்து உயரம் அதிகம். செம்மண் பாதையில் தென்னந்தோப்புக்குள் போய் வருகிறவர்களுக்கு ஏற்றது.

எது நல்ல வண்டி என்பதை விட, எவ்வளவு பாரம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். முக்கால் டன் வண்டியை வாங்கி அதில் ஒன்றரை டன் ஏற்றினால், பிரேக்கும் டயரும் தங்கள் அளவுக்கு மீறி வேலை செய்ய வேண்டும். அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் 20 ஆயிரம் ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2 ஆயிரம்.

லோடு வண்டியின் பின்னால் ஆட்களை ஏற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. கோயில் கொடை, காது குத்து, நடவு வேலை எதற்கும் ஏறி விடுகிறார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். விபத்து நடந்தால், அப்படிப் பயணம் செய்தவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லி இருக்கிறது. நஷ்ட ஈட்டை வண்டிக்காரரே கொடுக்க வேண்டி வரும். சரக்கின் சொந்தக்காரரோ, அவருடைய ஆளோ சரக்கோடு போகலாம். அதுவும் முன் சீட்டில்.

எழுத்துக் கூட்டிப் படித்தாலும் போதும்

புதுக்கோட்டை, அறிவொளி இயக்கம் கண்ட மாவட்டம். 1990-களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தும் கற்று, சைக்கிளும் கற்ற ஊர். கற்ற எழுத்துக்கு இங்கே வேலை இருக்கிறது.

ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் படிக்க வேண்டும். புத்தகம் இன்று அட்டையாகி விட்டது. பெயர் மட்டும் புத்தகமாகவே இருக்கிறது. அதில் உள்ள சேசிஸ் எண்ணும், வண்டியின் சேசிசில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். துருவில் எண் தெரியவில்லை என்றால், அதன் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால், எண் தாளில் வந்து விடும். எண் ஒன்று மாறி இருந்தாலும், கொடுத்த முன் பணத்தைக் கேட்டு வாங்கிக் கொண்டு புறப்பட வேண்டியதுதான்.

ஆர்.சி.யில் கடன் கொடுத்த பைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்தது என்பதற்கு அந்தக் கம்பெனியின் கடிதமும், 35-ஆம் எண் படிவமும் வேண்டும். இல்லை என்றால், ஒரு நாள் காலையில் வாசலில் நிற்கும் வண்டியை அவர்கள் ஓட்டிக் கொண்டு போய் விடுவார்கள்.

எப்.சி. என்னும் தகுதிச் சான்று எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேல் ஆண்டு தோறும் எடுக்க வேண்டும். எப்.சி. இருக்கிறதே என்று எல்லாவற்றையும் நம்பி விட முடியாது. எப்.சி. அன்று வண்டி எப்படி இருந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. அன்றைக்கு மாட்டிய நல்ல டயர், மறு நாளே வேறு வண்டிக்குப் போயிருக்கலாம்.

வண்டி எண்ணைக் கொண்டு, சொந்தக்காரர் விவரம், எப்.சி., இன்சூரன்ஸ் நாள், கட்டாத அபராதம் முதலியவற்றை அரசின் "பரிவாகன்" மூலம் செல்போனிலேயே பார்த்துக் கொள்ளலாம். பத்தாவது படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஐந்து நிமிட வேலை.

பெயர் மாற்றம்தான் பெரிய விஷயம். பத்திரத் தாளில் கையெழுத்து வாங்கிக் கொண்டு, "பெயர் மெதுவாக மாற்றிக் கொள்ளலாம்" என்று இருப்பவர்கள் ஏராளம். 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிந்தது. ஒரு கார் கை மாறி, கை மாறிப் பலரிடம் போய் விட்டது. ஆர்.சி. மட்டும் முதல் ஆளின் பெயரிலேயே இருந்தது. விபத்தில் உயிர் போயிற்று. நஷ்ட ஈடு யார் கொடுப்பது? ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே பொறுப்பு என்று தீர்ப்பு ஆயிற்று. விற்றவருக்கு இந்தக் கதி என்றால், வாங்கியவர் தப்பித்தார் என்று பொருள் அல்ல. இன்சூரன்ஸ் அவர் பெயருக்கு மாறாமல் இருந்தால், அவருடைய வண்டி நொறுங்கியதற்கு ஒரு காசு கிடைக்காது.

விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கு 29, 30-ஆம் எண் படிவங்கள் இருக்கின்றன. இன்சூரன்சை மாற்ற 14 நாள் கெடு. மொத்த எடை 3 ஆயிரம் கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவை இல்லை. ஓட்டுவதற்குக் கார் லைசென்சே போதும் என்று 2024-ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்து விட்டது. 7,500 கிலோ எடைக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும்.

விலை பேசும்போது

எல்லாம் பார்த்த பிறகு, குறை இல்லாத பழைய வண்டி கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. டயர் தேய்ந்திருக்கும். பிரேக் கட்டை மாற்ற வேண்டி இருக்கும். விளக்கு மங்கி இருக்கும். இவை எல்லாம் பணம் கொடுத்தால் சரியாகும் குறைகள். அதற்கு ஆகும் செலவை ஒரு மெக்கானிக்கிடம் கேட்டு, தாளில் எழுதிக் கூட்டி, விலையில் கழித்துக் கொள்ளலாம். மெக்கானிக், தரகர் அழைத்து வந்தவராக இருக்கக் கூடாது.

சேசிஸ் துரு, வெள்ளத்தில் முழுகியது, எண் மாறியது ஆகிய மூன்றும் அப்படி அல்ல. இவற்றில் ஒன்று இருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அது மலிவு இல்லை.

கழித்து மிச்சப்படுத்திய பணத்தை, வண்டி வாங்கிய அன்றே தனியாக எடுத்து வைத்து விட வேண்டும். "முதலில் நாலு லோடு அடிக்கட்டும், வரும் பணத்தில் டயர் போடலாம்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்த நாலு லோடும் கொட்டும் மழையில்தான் வரும்.

ஆலங்குடி வாசலில் நின்ற அந்தக் குட்டி யானைக்கு, பின் சக்கரத்துக் கோட்டில் வைத்த தீக்குச்சி பாதிக்கு மேல் வெளியே நிற்கிறது என்று வைத்துக் கொள்வோம். தரகர் சிரிப்பார்.

"ரெண்டு டயர்தானே அண்ணே? அடுத்த மாசம் போட்டுக்கிட்டாப் போச்சு."

"அப்போ, அடுத்த மாசமே வண்டியை எடுத்துக்கிறோம்" என்பாள், சங்கிலியைக் கொடுத்தவள்.